எண்பத்தொரு இதழ்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கும் வீடுகளில் 'ஷோ சாவ் பாவ்' என்றாலே பெற்றோர் பெருமூச்சு விடுவார்கள். நம் ஊர் மாணவர்கள் ஒரு காலத்தில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையை ஒரே தாளுக்குள் அடக்கினால் அதுதான். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு, ஓரத்தில் பார்டர், உள்ளே கட்டம் கட்டி நாலு குறிப்பு, இடையிடையே படம். சாலைப் பாதுகாப்பு முதல் தேசிய தினம் வரை எல்லாவற்றுக்கும் இந்த வேலை உண்டு. ஆண்டு முழுக்கத் தீராமல் வரும் தலைப்பு, இருபத்துநான்கு பருவங்கள்.

வானத்தில் சூரியன் செல்லும் பாதையைப் பதினைந்து பாகை வீதம் பிரித்தால் 24 பங்கு; பங்குக்குச் சுமார் 15 நாள். கி.மு. 104-இல் ஹான் அரசு வெளியிட்ட தைச்சு நாட்காட்டியிலேயே இது இடம்பெற்றுவிட்டது. 2016-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த 24-இல் 'தோங்ஜி'யை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும். வட அரைக்கோளத்தில் பகல் மிகக் குறுகிய நாள். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து மகர ராசியைக் கணக்கிடுவதால் தை முதல் நாள் ஜனவரி நடுவில் விழுகிறது. சீனர்கள் சூரியன் திரும்பும் நாளையே பிடித்துக்கொண்டார்கள்.

தோங்ஜி போஸ்டர் என்றால் என்ன இருக்கும்? ஆவி பறக்கும் கிண்ணம், பனிமனிதன், வடக்கே ஜியாவ்ஸி கொழுக்கட்டை, தெற்கே தாங்யுவான் என்னும் இனிப்பு உருண்டை. கோடு மட்டும் போட்ட மாதிரித் தாள் இணையத்தில் கிடைக்கிறது. வண்ணம் தீட்டினால் முடிந்தது. பூவும் கட்டமும் வரைய, ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் அச்சுகளும் கடையில் உண்டு. பாதி வேலையை அம்மா செய்வார் என்பது ஆசிரியருக்கும் தெரியும்.

குறிப்புகளும் இப்படித்தான், ஒன்றைப் பார்த்து இன்னொன்று. கொழுக்கட்டைக்குக் கட்டாயம் ஒரு கதை வரும்: பிற்கால ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்ஜிங், குளிரில் காது விறைத்துப்போன ஏழைகளுக்கு ஆட்டுக்கறியும் மிளகாயும் மருந்தும் மாவில் பொதிந்து, காது வடிவில் பிடித்து வேகவைத்துக் கொடுத்தார் என்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அது சீனாவை எட்டும்போது மருத்துவர் இறந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது! கதை கதையாகவே இருக்கட்டும், ஆனால் ஒரு பிள்ளை "இது எப்படி?" என்று கேட்டு அதையே ஒரு கட்டத்தில் எழுதினால், நான் முதல் பரிசு கொடுப்பேன்.

மான் விஷயம் இன்னும் சுவையானது. ஒவ்வொரு பருவத்தையும் ஐந்தைந்து நாளாக மூன்றாகப் பிரித்து, இயற்கையில் நடப்பதாக ஒவ்வொரு அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். தோங்ஜியில் மண்புழு சுருண்டு கிடக்கும், மீலு மான் கொம்பை உதிர்க்கும், ஊற்று நீர் அசையத் தொடங்கும். மீலு குளிர்காலத்திலா கொம்பு உதிர்க்கிறது என்று சியன்லுங் பேரரசருக்குச் சந்தேகம். 1767-இல் பெய்ஜிங்கின் தெற்கே இருந்த அரச வேட்டைக்காட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அங்கே இருந்த ஒரு மான் வகை குளிர்காலத்தில்தான் கொம்பு உதிர்த்தது. பஞ்சாங்கத்தில் மீலு என்று இருந்ததை அந்த மானின் பெயராகத் திருத்தச் சொல்லி உத்தரவு போட்டார். அந்த மான் 1900 வாக்கில் சீனாவிலேயே இல்லாமல் போய், 1985-இல் இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையிலிருந்து அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. பெய்ஜிங் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்த்து வரையலாம். ஆனாலும் போஸ்டரில் பெரும்பாலும் பனிமனிதன்தான்!

சரி, அச்சும் மாதிரித் தாளும் இல்லாமல் என்ன செய்வது? வழி பழையது. மிங் காலத்து நூல் ஒன்றில் இருக்கிறது. தோங்ஜி அன்று வண்ணமில்லாத பிளம் பூங்கிளை ஒன்றை வரைய வேண்டும். மொத்தம் 81 இதழ். நாளுக்கு ஓர் இதழாக வண்ணம் தீட்டி வந்தால், கடைசி இதழ் நிறையும்போது குளிர் கழிந்திருக்கும். ஒன்பது ஒன்பது நாளாக எண்ணும் கணக்கு இது. மூன்றாவது ஒன்பதில்தான் கடுங்குளிர் என்பது சீனர் வழக்கு.

எழுத்திலும் உண்டு. "மண்டபத்தின் முன் தாழ்ந்த வில்லோ மரம் வசந்தக் காற்றுக்குக் காத்திருக்கிறது" என்ற பொருளில் ஒன்பது எழுத்து. எழுத்துக்கு ஒன்பது கோடு. வெற்றுக்கோடாக எழுதி வைத்து, தினம் ஒன்றை மையால் நிரப்புவார்கள். இன்றைய பிள்ளைகள் 'காற்று' என்பதை நாலே கோட்டில் எழுதப் பழகியவர்கள். பழைய வடிவத்தில் எழுதினால்தான் கணக்கு உதைக்காது.

எனக்கு மிகப் பிடித்தது வட்டங்கள். 81 வட்டம் போட்டு, மேகமூட்டமானால் மேல்பக்கம், வெயிலானால் கீழ்ப்பக்கம், காற்றென்றால் இடம், மழையென்றால் வலம், பனி பெய்தால் நடுவில் என்று அன்றன்று தீட்டுவது. அதில் அச்சு வைத்து ஏமாற்ற முடியாது. பிள்ளை வெளியே எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது ஒன்பது நிஜமாகவே கடுமையா என்பதும் தெரிந்துவிடும், பக்கத்தில் வெப்பநிலையையும் குறித்து வைத்தால்.

இதில் ஆசிரியர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நாளைக் காலை கொண்டு வா என்று சொல்ல முடியாது. நடுவில் குளிர்கால விடுமுறையும் சீனப் புத்தாண்டும் வரும். தாள் பிள்ளையோடு வீட்டுக்குப் போய் வர வேண்டும். டிசம்பர் 22-இல் தொடங்கினால் மதிப்பெண் போட மார்ச் 12 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நன்றி, வணக்கம்.