தரங்கம்பாடி சேதியும் எப்வொர்த் அடுக்களையும்: சூசன்னா வெஸ்லி பத்தி பேசினது

(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துல பேசினதை கேட்டு டைப் பண்ணினது, பேசின மாதிரியே விட்டிருக்கேன்)

குருவானவர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும், சங்கத்து அக்காமார் தங்கச்சிமாருக்கும் ஸ்தோத்திரம். நோட்டீஸ்ல முதல்ல "ஜான் வெஸ்லியின் தாயார்"னு, அதான் மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்சவரோட அம்மான்னு போட்டிருந்தாங்க, நான்தான் அதை எடுத்துட்டு சூசன்னா வெஸ்லின்னே போடுங்கன்னு சொன்னேன். பிள்ளை பேரைச் சொல்லி அறிமுகம் பண்ணிட்டா அந்தம்மா செஞ்சதெல்லாம் அந்தப் பிள்ளையை ஆளாக்க மட்டும்தான்னு ஆயிடுதுல்ல. பக்திப் பாட்டு எழுதின சார்லஸும் இவங்க பெத்த பிள்ளைதான், அதுவும் இருக்கட்டும், இன்னிக்கு அம்மா கதைதான்.

1669ல லண்டன்ல பிறந்தவங்க. அப்பா சாமுவேல் அன்னஸ்லி பேர்போன பிரசங்கியார், அவருக்கு 25 பிள்ளைங்க, இவங்கதான் கடைக்குட்டி. அப்பா இங்கிலாந்து திருச்சபையை விட்டு வெளியேறின கூட்டத்துல முக்கியமானவர், இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சுன்னா 13 வயசு முடியறதுக்குள்ள ரெண்டு பக்க வாதத்தையும் யோசிச்சுப் பாத்துட்டு நான் அந்த திருச்சபைக்கே போறேன்னு போயிடுச்சு. பெரிய மனுஷன் வீட்டுல கடைசிப் பொண்ணு, பாருங்க எவ்ளோ அழுத்தம்!

1688ல சாமுவேல் வெஸ்லிங்கற குருவானவரோட கல்யாணம். 19 பிள்ளை பெத்தாங்க, 10தான் தங்குச்சு. லிங்கன்ஷயர்ல எப்வொர்த்ங்கற ஊர் குருமனையில வாழ்க்கை. அவர் படிச்சவர், கவிதை எல்லாம் எழுதுவார், பண விஷயம் மட்டும் கைக்கு வராது. 1705ல கடனுக்காக லிங்கன் கோட்டை ஜெயில்ல போட்டுட்டாங்க. இந்தம்மா கையில இருந்த மோதிரத்தைக் கழட்டி அனுப்பினாங்க, அவர் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டார். அப்போ யார்க் பேராயர் வந்து, வீட்டுல எப்பவாவது சாப்பாட்டுக்கே இல்லாம இருந்திருக்கீங்களாம்மான்னு கேட்டாராம். இல்லாம இருந்ததில்லை, ஆனா அதை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கவலை, தின்ன பிறகு அதுக்கு காசு கட்ட ஒரு கவலை, அதுலயே வாய்க்கு ருசி போயிடுதுன்னு பதில் சொன்னாங்க. இங்க மாசக் கடைசியில மளிகைக் கணக்கு பாத்தவங்களுக்கு இது புரியும்.

புருஷன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவங்களும் இல்லை. வில்லியம் ராஜாவுக்காக ஜெபம் பண்ணினப்போ இவங்க ஆமென் சொல்லல, அவர் இவங்க கணக்குல ராஜாவே கிடையாது, நாட்டை விட்டுத் துரத்தின ஜேம்ஸ் ராஜா வம்சம்தான் இவங்களுக்கு ராஜா. சாமுவேல் கோவிச்சுக்கிட்டு ரெண்டு ராஜான்னா ரெண்டு படுக்கைன்னு சொல்லிட்டு லண்டன் போயிட்டார், இந்தம்மா மனசாட்சிக்கு விரோதமா மன்னிப்பு கேக்க மாட்டேன்னுட்டாங்க. 1702ல ராஜா இறந்த வருஷம்தான் வீடு ஒண்ணாச்சு. ஜான் பிறந்தது 1703ல, கணக்கு போட்டுக்கோங்க.

இப்போ பள்ளிக்கூடத்துக்கு வர்றேன், நானும் ரிட்டயர்டு டீச்சர் இல்லையா, எனக்கு இதுதான் பிடிச்ச இடம். வீட்டுக்குள்ளயே ஸ்கூல், காலையில 9 to 12, மத்தியானம் 2 to 5. அஞ்சு வயசு முடியற வரைக்கும் எழுத்தைக் காட்டவே மாட்டாங்க. அஞ்சு முடிஞ்ச அடுத்த நாள் பிள்ளையை உக்கார வெச்சு ஒரே நாள்ல எழுத்து பூரா, மறுநாள் ஆதியாகமம் ஒண்ணாம் அதிகாரம் முதல் வசனம். ரெண்டு பொண்ணுங்களுக்கு மட்டும் ஒண்ணரை நாள் ஆச்சாம், அவங்களை மந்தம்னு நினைச்சிட்டேன், மத்தவங்க பிள்ளைங்க எத்தனை நாள் எடுத்துக்குதுன்னு பாத்த பிறகுதான் எண்ணத்தை மாத்திக்கிட்டேன்னு அவங்களே எழுதறாங்க. இன்னொரு ரூல், எந்தப் பொண்ணும் நல்லா வாசிக்கப் பழகற வரைக்கும் தையல், வீட்டு வேலை எதுவும் கத்துக்குடுக்கக் கூடாது. முன்னூறு வருஷத்துக்கு முன்னாடிங்க!

ஆனா எல்லாத்தையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு வயசு ஆகறதுக்குள்ளயே பிரம்புக்கு பயப்படவும் சத்தமில்லாம அழவும் பழக்கிடணும், பிள்ளையோட பிடிவாதத்தை முதல்ல அடக்கணும்னும் எழுதியிருக்காங்க. அதை அப்படியே எடுத்துக்கிட்டு பக்தி வளர்ப்புன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வருவேன்.

1709 பிப்ரவரியில ஒரு ராத்திரி குருமனை தீப்பிடிச்சு எரிஞ்சுது. நிறைமாசம் அவங்களுக்கு, நெருப்புக்குள்ள நடந்து வெளிய வந்தாங்க. அஞ்சு வயசு ஜான் மாடியில மாட்டிக்கிட்டான், ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் ஏறி ஜன்னல் வழியா இறக்கினாங்க. அந்தக் கதை ஞாயிறு பள்ளியில எல்லாரும் கேட்டதுதான்.

நிறைய பேருக்குத் தெரியாதது இது. 1711 கடைசி வாக்குல சாமுவேல் சபை மாமன்றத்துக்காக லண்டன்ல இருக்கார். பெரிய பொண்ணு எமிலி அப்பாவோட படிப்பறையில ஒரு புத்தகத்தை எடுத்து வந்து அம்மாவுக்கு வாசிக்கறா, டேனிஷ் மிஷனரிகளோட விவரம். எந்த டேனிஷ் மிஷனரிங்க? 1706ல நம்ம தரங்கம்பாடியில வந்து இறங்கின சீகன்பால்குவும் புளூட்ச்சோவும்தான்! சீகன்பால்கு மணல்ல உக்காந்து தமிழ் எழுத்து பழகினாருன்னு நாம சொல்லுவோமே, அவர் சேதி எப்வொர்த் வரைக்கும் போயிருக்கு. பல நாளா வேற எதையும் பேசவே முடியலைன்னு அந்தம்மா புருஷனுக்கு எழுதறாங்க. நான் ஆம்பளையும் இல்லை, ஊழியக்காரரும் இல்லை, ஆனாலும் இப்போ செய்யறதை விட கூட செய்யலாம்னு தோணிச்சுன்னு சொல்லிட்டு என்ன செஞ்சாங்க தெரியுமா, ராத்திரி ஒவ்வொரு பிள்ளையோட தனியா உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, அதான் ஜான், வெள்ளி பாட்டின்னு கூப்பிடற மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். பின்னாடி ஜான் ஆக்ஸ்ஃபோர்டுல வாத்தியாரான பிறகும், அந்த வியாழக்கிழமை நேரத்தை எனக்கு மறுபடி குடும்மான்னு லெட்டர் போட்டிருக்கார்.

ஞாயிறு சாயங்காலம் அடுக்களையில அவங்க வாசிச்சு நடத்தின வீட்டு ஜெபத்துக்கு வேலைக்காரப் பையன் அப்பா அம்மாவை கூட்டிட்டு வந்தான், அப்புறம் அக்கம்பக்கம், முப்பது நாப்பதாகி கடைசியில 200 பேருக்கு மேல, நிக்க இடமில்லாம திரும்பிப் போனாங்க. உதவி குரு இன்மன் தன் ஆராதனையை விட அங்க கூட்டம்னு புகார் எழுதினார். சாமுவேல் நிறுத்தச் சொல்லி எழுத, இவங்க பதில் என்னன்னா, நிறுத்தணும்னு விரும்பறேன்னு எழுதாதீங்க, அது என் மனசாட்சிக்கு போதாது, நிறுத்துன்னு நேரடியா கட்டளை போடுங்க, நாளைக்கு ஆண்டவர் முன்னாடி நிக்கும்போது பொறுப்பு உங்களோடது. கட்டளை வரவே இல்லை. அவ்ளோ பணிவா, அவ்ளோ கெட்டியா ஒரு லெட்டர் நான் வாசிச்சதில்லை.

பொண்ணுங்களோட பிற்காலம் மனசைப் பிசையும். ஹெட்டி எட்டு வயசுல கிரேக்கத்துல புதிய ஏற்பாடு வாசிச்சான்னு சொல்வாங்க, ஒரு தப்பு நடந்து போச்சு, உடனே ஒரு பிளம்பருக்கு கட்டி வெச்சாங்க, சுகப்படல, அப்பா மனசு இளகவும் இல்லை. வாசிக்கக் கத்துக்குடுத்த வீட்டுலயே வாசிச்ச பொண்ணுக்கு போக்கிடம் இல்லை.

1742 ஜூலையில லண்டன்ல போனாங்க. நான் விடுதலையானதும் சங்கீதம் பாடுங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னாங்க, பாடினாங்க. பன்ஹில் ஃபீல்ட்ஸ்ல அடக்கம். கல்லுல சார்லஸ் கவிதை எழுதினார், எழுபது வயசு வரைக்கும் அம்மா நியாயப்பிரமாண இருட்டுல, அதாவது கிருபையை உணராம சட்டத்தை மட்டும் நம்பி இருந்து, கடைசியில நற்கருணையிலதான் ஒளியைக் கண்டாங்கன்னு. எனக்கு அந்தக் கவிதை மேல கோபம். எழுத்து கத்துக்குடுத்தது, அடுக்களையில 200 பேருக்கு வாசிச்சது ஒண்ணும் அதுல இல்லை. ஏன் சார்லஸ் ஐயா, சனிக்கிழமை ராத்திரி உங்களோட உக்காந்து பேசினது யாருன்னு கேக்கணும் போல இருக்கு.