சம்பளமா வாங்குகிறேன்?

(சதுரங்கக் கழகப் பொறுப்பாளர்களும் உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'உறுப்பினர்களும் பொறுப்பாளர்களும்'. இதைவிடப் பொல்லாத தலைப்பு கிடையாது. இந்த அறையில் பாதிப் பேர் பொறுப்பாளர்கள், மீதிப் பேர் அவர்கள் மேல் புகார் வைத்திருப்பவர்கள். சிலர் இரண்டுமாக இருக்கிறீர்கள். அவர்களை நம்பித்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு போட்டி, சுவிஸ் முறை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமப் புள்ளி உள்ளவர்களை ஜோடி சேர்த்து ஆட வைப்பது அது. காலை ஆறு மணிக்கே போய் மேஜைகளை இழுத்துப் போட்டு, காய்களை அடுக்கி, கடிகாரங்களுக்குப் பேட்டரி மாற்றி, மூன்று சுற்று முடிவதற்குள் என் குரல் போய்விட்டது. நாலாவது சுற்றின் ஜோடிப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். ஒருவர் வந்தார். எங்கள் உறுப்பினர்தான், அதிகம் பேசாதவர். "சார், போன சுற்றில் நான் ஜெயித்தேன். எனக்கு மூன்று புள்ளி இருக்க வேண்டும். இரண்டு என்று போட்டிருக்கிறது" என்றார்.

ஆட்ட முடிவு எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. நான் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் போட்டதுங்க" என்றேன். அவர் நகரவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "காலையிலிருந்து நிற்கிறேன், இதற்கு நான் சம்பளமா வாங்குகிறேன்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு முப்பதாவது மேஜைக்குப் போனார்.

ஆட்டம் தொடங்கிய பிறகு மனசு கேட்கவில்லை. சீட்டுக் கட்டைப் புரட்டினேன். இரண்டு பேர் கையெழுத்தும் போட்டு, கறுப்புக்கு வெற்றி என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் வெள்ளைக்கு ஏற்றியிருந்தேன். புள்ளியைத் திருத்திவிட்டேன், சரி. ஆனால் நடந்துகொண்டிருந்த சுற்றைத் திருத்த முடியாது. அவர் மூன்று புள்ளிக்காரரோடு ஆட வேண்டிய சுற்றில், கீழே இருந்த ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தார். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? பரிசு இடத்துக்கு இரண்டு பேர் சமப் புள்ளி. புக்கோல்ஸ் கணக்குப் பார்த்தோம். எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, சமப் புள்ளிக்காரர்களில் யார் முன்னே என்று முடிவு செய்யும் டை-பிரேக் அது. அந்த ஒரு பலவீனமான எதிராளியால் அவர் பின்தங்கினார். பரிசு இன்னொருவருக்குப் போயிற்று.

'சம்பளமா வாங்குகிறேன்' என்பது உண்மைதான், நான் வாங்கவில்லை. ஆனால் அவர் கேட்டது என் சம்பளத்தைப் பற்றி இல்லையே. தன் புள்ளியைப் பற்றி. தொண்டு செய்கிறவனுக்கு நன்றி சொல்லலாம், மாலை போடலாம். அவனைக் கேள்வி கேட்கக் கூடாது என்று மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

பெரிய இடத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1972, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக். அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதும் உலகப் பட்டப் போட்டி. ஜூலை 2 அன்று முதல் ஆட்டம். ஃபிஷர் ஊருக்கே வந்து சேரவில்லை. அப்போது உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் மாக்ஸ் யூவே. 1935 முதல் 1937 வரை உலக சாம்பியனாக இருந்தவர், தொழிலால் கணித ஆசிரியர். அவர் தொடக்கத்தை இரண்டு நாள் தள்ளிவைத்தார். விதியில் அதற்கு இடமில்லை என்று சோவியத் தரப்பு கொதித்தது. யூவே என்ன செய்தார்? 'எனக்கு அதிகாரம் உண்டு' என்று சட்டம் பேசவில்லை. தான் விதியை மீறியதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஜூலை 11 அன்று ஆட்டம் தொடங்கியது. தள்ளிவைத்தது சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் தலைவர் 'நான் மீறினேன்' என்று எழுதிக் கொடுத்த பிறகு எதிர்த் தரப்புக்கு உட்கார்ந்து ஆட ஒரு வழி கிடைத்தது.

அதே பதவியில் இன்னொரு நாளைப் பாருங்கள். 1985 பிப்ரவரி 15, மாஸ்கோ. கார்ப்போவுக்கும் காஸ்பரோவுக்கும் இடையே ஐந்து மாதமாக நடந்த உலகப் பட்டப் போட்டி. 48 ஆட்டங்கள், அதில் 40 டிரா. கார்ப்போவுக்கு 5 வெற்றி, காஸ்பரோவுக்கு 3. ஆறு வெற்றி எடுப்பவர் சாம்பியன். கடைசி இரண்டு ஆட்டத்தையும் காஸ்பரோவ் ஜெயித்திருந்த நேரத்தில், தலைவர் கம்போமானெஸ் போட்டியையே நிறுத்திவிட்டார். ஆட்டக்காரர்கள் களைத்துப்போனார்கள் என்பது அவர் சொன்ன காரணம். காஸ்பரோவ் அந்தப் பத்திரிகையாளர் கூட்டத்திலேயே அதை மறுத்தார். கம்போமானெஸ் எடுத்த முடிவு நியாயமாகவே இருந்திருக்கலாம், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் யாருடைய ஆட்டமோ அவரே நம்பாத காரணம் காரணமாகாது. எட்டு வருடம் கழித்து, 1993இல், காஸ்பரோவும் நைஜல் ஷார்ட்டும் ஃபிடேயை விட்டு வெளியே போய் ஆடினார்கள். போட்டி நடக்கும் இடத்தைத் தங்களைக் கலக்காமல் முடிவு செய்துவிட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான புகார். அந்தப் பிளவு 2006 வரை நீடித்தது. 13 வருடம் உலகத்துக்கு இரண்டு சாம்பியன்கள்! 1924இல் பாரிஸில் தொடங்கிய அந்த அமைப்பின் வாசகம் 'நாம் ஒரே குடும்பம்' என்பது. குடும்பம் என்பதால்தானோ என்னவோ, சண்டையும் குடும்பச் சண்டை மாதிரியே நீள்கிறது.

நம் அளவில் இந்தச் சண்டை பெரும்பாலும் அணித் தேர்வில்தான் வரும். பொறுப்பாளர்களில் பலர் யாராவது ஒரு குழந்தையின் அப்பா, அம்மா, இல்லையென்றால் பயிற்சியாளர். அது குற்றம் இல்லை. அக்கறை உள்ளவர்கள்தானே பொறுப்புக்கு வருகிறார்கள்? ஆனால் தன் மகள் பெயர் பேச்சில் வரும்போது அப்பா அறைக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. 'நான் வாயே திறக்கவில்லை' என்பார். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை ஐயா, மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்களே. எழுந்து வெளியே போங்கள். போனதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) அடிப்படையில் தேர்வு என்று மட்டும் அறிவித்தால் போதாது. ஃபிடே மாதம்தோறும் முதல் தேதி புதுப் பட்டியல் விடுகிறது. எந்த மாதப் பட்டியல் என்று முன்பே சொல்ல வேண்டும். இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே ஏழெட்டுப் புள்ளிதான் வித்தியாசம் என்றால், மாதம் மாறினால் ஆள் மாறிவிடும். பெயர்கள் தெரிந்த பிறகு மாதத்தை முடிவு செய்கிற செயற்குழு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

உறுப்பினர்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். சந்தா என்பது சினிமா டிக்கெட் இல்லை, பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார. பொதுக்குழுவுக்கு வரமாட்டீர்கள், கணக்கைப் படிக்கமாட்டீர்கள். செயலாளர் பதவிக்கு யார் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எல்லோரும் திடீரென்று கைப்பேசியில் ஏதோ முக்கியமான செய்தி படிக்கிறீர்கள். ஆனால் கறுப்புக் காய் இரண்டு முறை தொடர்ந்து வந்தால் மட்டும் ராத்திரி பதினொன்றரைக்கு நடுவருக்குப் போன். இரண்டு முறை வரலாம், விதியே அதை அனுமதிக்கிறது. அதைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகும். 'பணம் சாப்பிட்டுவிட்டார்கள்' என்று சொல்ல ஐந்து விநாடி போதும். கணக்கைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்காமலே தீர்ப்பு எழுதுவது வெறும் வம்பு.

ரேட்டிங்கைத் திட்டாத ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை. அதை வகுத்தவர் ஆர்பட் ஈலோ, இயற்பியல் பேராசிரியர். 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970இல் ஃபிடேயும் அவர் முறையை ஏற்றன. அவருக்கு நம்மிடமிருந்து கிடைத்த நன்றி, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் பெயரைச் சொல்லித் திட்டுவது!

பொறுப்பாளர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. பத்து வருடமாக ஒரே மூன்று பேர் ஓடுகிறார்கள் என்றால் பரிதாபம்தான். ஆனால் அலமாரிச் சாவி யாரிடம், பதிவுக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம், பழைய ரசீதுகள் எந்தப் பெட்டியில் என்பதெல்லாம் அந்த மூன்று பேரின் தலைக்குள் மட்டும் இருந்தால், நாலாவது ஆள் எப்படி வருவார்? ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் எழுதச் சொல்லி ஆட்டக்காரரைக் கட்டாயப்படுத்துகிறோம். எழுதாவிட்டால் நடுவர் வந்து நிற்கிறார். அதே நடுவர் செயற்குழுவில் உட்கார்ந்தால், தீர்மானத்தை எழுதுவார், காரணத்தை எழுதமாட்டார். தீர்மானத்தின் கீழே 'ஏனென்றால்' என்று தொடங்கி இரண்டு வரி எழுதுங்கள். பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும்.

அந்த முப்பதாவது மேஜைக்காரரை விட்டுவிட்டேனே. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பரிசைத் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த போட்டிக்கு ரிசல்ட் ஏற்ற ஆள் வேண்டுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர்தான் ஏற்றுகிறார். ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை பார்ப்பார். மூன்றாவது முறை நான் பார்த்தால் கோபம் வரும்.

போன வருடம் ஒரு போட்டியில் ஒரு பையன் அவரிடம் வந்து நின்றான். தன் புள்ளி தப்பாக இருக்கிறது என்றான். நாள் முழுக்க வேலை, மனிதர் சோர்ந்து போயிருந்தார். "தம்பி, காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன சம்பளமா..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டார். நானும் அவரைப் பார்த்தேன். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். சீட்டுக் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி, மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார்.