போனி காருக்குள் இருந்த ஜப்பான் இன்ஜின்

நேயர்களுக்கு வணக்கம். ஏற்றுமதியால் முன்னுக்கு வந்த நாடு என்றதும் தென்கொரியாவைச் சொல்வோம். அந்த நாடு என்ன விற்றது என்று பேசுகிற அளவுக்கு என்ன வாங்கியது என்று யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1964-இல் கொரியாவின் ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. விற்றதெல்லாம் துணி, பிளைவுட், தலைமுடியில் செய்த விக், இந்த மாதிரிச் சரக்குதான். 1977-இல் அது 1,000 கோடி டாலர். இடையில் அங்கே போஹாங் என்ற ஊரில் எஃகு ஆலை வந்தது, இரு நாட்டு உறவைச் சீராக்க ஜப்பானோடு போட்ட 1965 உடன்படிக்கையின்படி ஜப்பான் கொடுத்த பணத்தில், ஜப்பானின் தொழில்நுட்பத்தோடு.

சரி, போனி காருக்கு வருவோம். 1975 கடைசியில் ஹூண்டாய் செய்யத் தொடங்கிய கார் அது. வடிவம் போட்டுக் கொடுத்தவர் இத்தாலியின் ஜியுஜாரோ, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜப்பானின் மிட்சுபிஷி, வேலையை முன்னின்று நடத்தியவர் பிரிட்டிஷ் கார் தொழிலில் இருந்து வந்த ஜார்ஜ் டர்ன்புல். அப்புறம் கொரியாவுடையது என்ன என்று கேட்பீர்கள். இத்தாலியின் டூரின் நகரத்துக்கு அனுப்பப்பட்ட கொரிய இன்ஜினியர்கள் அங்கே பார்த்ததையும் கேட்டதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுத்து வந்தார்கள், அந்த நோட்டுதான் அவர்களுடையது. 1976-இல் போனி ஈக்வடாருக்குக் கப்பலேறியது, 1991-இல் ஹூண்டாய் சொந்தமாகவே ஆல்ஃபா என்ற இன்ஜினைச் செய்துவிட்டது. நம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சாண்ட்ரோ செய்ய வந்ததும் இதே கம்பெனிதான். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் என்ன எழுதி எடுத்து வந்தார்கள் என்ற கேள்வி எனக்குள் அடிக்கடி வரும், அதை நாம் கேட்டே ஆக வேண்டும்.

இதனால் கொரியாவுக்கு இறக்குமதியே தேவைப்படவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உலகத்துக்கெல்லாம் விற்க விற்க, அதைச் செய்யும் மெஷினுக்கும் ரசாயனத்துக்கும் ஜப்பானிடம் காசு போய்க்கொண்டே இருந்தது, ஜப்பானோடு மட்டும் வணிகத்தில் வருடா வருடம் பற்றாக்குறைதான். அது எவ்வளவு ஆபத்து என்பது 2019 ஜூலையில் தெரிந்தது. ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, ஃபோட்டோரெசிஸ்ட், ஃப்ளோரினேட்டட் பாலிஇமைடு என்ற மூன்று பொருட்களை ஒவ்வொரு முறை அனுப்பவும் தனி அனுமதி வேண்டும் என்று ஜப்பான் சொல்லிவிட்டது. முதல் இரண்டும் இல்லாமல் சிப் செய்ய முடியாது, மூன்றாவது டிவி, போன் திரைக்கு. கொரியாவின் ஏற்றுமதியில் முதல் இடம் அந்தச் சிப்புக்கு! பதறிப்போன அரசும் கம்பெனிகளும் உள்ளூரிலேயே தயாரிக்கப் பணத்தைக் கொட்டின, ஹைட்ரஜன் ஃப்ளோரைடில் ஓரளவு ஜெயிக்கவும் செய்தன. 2023 மார்ச்சில் ஜப்பான் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது. ஆனால் மிக நுண்ணிய சிப்புக்கு வேண்டிய இயூவி மெஷினை, அதாவது புற ஊதா ஒளியால் சிப்பில் நுண்ணிய கோடுகளைப் பதிக்கும் மெஷினை, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் விற்கிறது, சாம்சங்கும் அதை அங்கேதான் வாங்குகிறது.