ஊருக்குப் பொதுவான வெந்நீர்

நேயர்களுக்கு வணக்கம்.

டக், டக், டக், டக். கினோசாக்கி என்றதும் என் காதில் முதலில் விழுவது இந்தச் சத்தம்தான். மரச்செருப்புச் சத்தம். ஜப்பானில், கியோத்தோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் வருகிற வெந்நீர் ஊற்று ஊர் அது. நடுவில் ஒரு சிற்றாறு, மேலே கல் பாலங்கள், கரையில் வில்லோ மரங்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் யுக்காத்தா என்கிற பருத்தி அங்கியை உடுத்தி, கையில் துண்டோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். குளிக்கத்தான். ஊரில் ஏழு பொதுக் குளியல் வீடுகள். ஒன்றில் குளித்து, வெளியே வந்து காற்று வாங்கி, அடுத்ததில் நுழைவார்கள்.

ஊர் முழுக்க ஒரே விடுதி என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், விடுதிகள் அறைகள், பொதுக் குளியல் வீடுகள்தான் குளியலறை.

நான் முதலில் போனது மண்டாரா யு. 'யு' என்றால் வெந்நீர். மண்டாரா வேறொன்றும் இல்லை, நம் 'மண்டலம்'தான். பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்த சொல். தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் வேண்டிக்கொண்டதில் 720ஆம் ஆண்டு அங்கே ஊற்று பொங்கியது என்பது ஊர்க் கதை.

பெண்களுக்குத் தனி இடம்தான். ஆனாலும் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நாலு பேர் நடுவே நடப்பது, நம் பழக்கத்தில் வளர்ந்தவளுக்குச் சுலபம் இல்லை. சின்னத் துண்டை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனேன். ஒரு பாட்டி என் முழங்கையைத் தொட்டார். சுவரோரம் கை காட்டினார். அங்கே வரிசையாகக் குட்டை முக்காலிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குழாய். அதில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை துளி இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டி. அழுக்குப் போக்குகிற இடம் முக்காலி. தொட்டி, அடுத்தவரும் இறங்கப்போகிற நீர். பாட்டி தன் துண்டை மடித்து உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தன் தலையைத் தட்டிக் காட்டினார். துண்டு நீரில் படக்கூடாது. சரி என்று நானும் வைத்துக்கொண்டேன். சூடு முதலில் கணுக்காலைக் கடித்தது. கழுத்து வரை இறங்கியபோது வெட்கம் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தவரும் இறங்கப்போகிற நீர் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1925 மே மாதம் அங்கே ஒரு பெரிய நிலநடுக்கம். பின்னாலேயே தீ. ஊரே அழிந்தது. மறுபடி கட்டும்போது தெருவை அகலப்படுத்த அவரவர் மனையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். அப்படிக் கட்டிய ஊரில், 1927இல் ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே ஊற்று நீரை எடுத்து விருந்தினருக்குத் தனிக் குளியல் வைத்தது. ஊர் கொதித்துவிட்டது. தன் நிலத்தில் எடுத்த நீர் தன்னுடையது என்றது விடுதி. அடியில் ஓடுகிற வெந்நீர் ஊருக்கே பொது என்றது ஊர். வழக்கு நீதிமன்றம் போனது.

யோசித்துப் பாருங்கள். விருந்தினர் உள்ளேயே குளித்துவிட்டால் தெருவில் யார் நடப்பார்கள்? செருப்புக்கடை, மிட்டாய்க்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் அந்த டக் டக் சத்தத்தை நம்பித்தானே இருக்கின்றன! தகராறு இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. நடுவில் ஒரு உலகப் போரே வந்து போனது. கடைசியில் 1950இல் சமரசம்: வெந்நீர் ஊரின் பொது நிர்வாகத்தில் இருக்கும், விடுதிகள் உள்ளே குளியல் வைக்கலாம், ஆனால் சிறியதாக. பெரிய குளியல் வேண்டுமென்றால் இன்றும் தெருவில் இறங்கித்தான் ஆகவேண்டும். விடுதி விருந்தினருக்கு அந்தப் பொதுக் குளியல் வீடுகளில் கட்டணம் கிடையாது. அந்தச் சமரசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. தனியாக வைத்துக்கொள்ளாதே என்று சொல்லவில்லை, சிறியதாக வைத்துக்கொள் என்றார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். நாரையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஏழில் ஒன்றான கோனோ யு, காயம்பட்ட நாரை காலை நனைத்து ஆற்றிக்கொண்ட இடம் என்பார்கள். அந்த நாரை இனம் 1971இல் ஜப்பானின் காடு கழனிகளிலிருந்து அற்றுப்போனது. பூச்சிமருந்தும் ஒரு காரணம். அப்புறம் கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 2005இல் பக்கத்திலேயே தொயோக்காவில் ஐந்து பறவைகளைப் பறக்கவிட்டார்கள். அவற்றுக்காக உழவர்கள் வயலில் மருந்தைக் குறைத்தார்கள். திரும்பி வரும்போது ரயில் ஜன்னலில் பார்த்தேன். நாற்று நட்ட வயல் நடுவே ஒன்று, முழங்கால் நீரில், அசையாமல் நின்றது.

வணக்கம்.