பாலத்துக்கு முன்னா, பின்னா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்தவர்களுக்குத் தனி வணக்கம். இன்று நம் வாழ்க்கையை ஒரு கோடாக வரைந்து, கடந்ததைப் பார்த்து இனி வரப்போவதைத் திட்டமிடப் போகிறோம்.

"போனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?" என்று நம் வீடுகளில் கேட்பார்கள். இதற்கு ஒரு பதில் 2007இல் லண்டனிலிருந்து வந்தது. டெமிஸ் ஹஸாபிஸ், எலினார் மெக்வயர் முதலிய மூளை ஆய்வாளர்கள், மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி பழுதாகி நினைவிழந்த ஐவரிடம், கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். நால்வருக்குக் காட்சி கூடிவரவே இல்லை, துண்டு துண்டாக நின்றது. நாளைய சமையலுக்கும் நேற்றைய சரக்குதான். அதனால் முதலில் சரக்கறையைத் திறப்போம்.

இரண்டு மாஜோங் தாள், அதாவது பெரிய வெள்ளைத் தாள், வாங்கி நீளவாக்கில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்று 80 வயது வரை கோடு போட்டால் 160 சென்டிமீட்டர். இன்றைய வயதில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு வலப்பக்கம் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம்.

சொந்தக் கதைக்கு முன் ஊர்க்கதையைக் குறியுங்கள்: 1985 பினாங்குப் பாலம், 1997 ரிங்கிட் சரிவு, 2008 ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, 2020 மார்ச் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஆண்டு கேட்டால் நினைவு தடுமாறும். "பாலத்துக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டால் பிடித்துக்கொள்ளும். பெண் பார்க்கப் பாலத்தில் காரில் போனோம் என்றால் அது 1985க்குப் பிறகுதான். அதில் வீட்டில் எவ்வளவு சண்டை போட்டாலும் மாற்றமில்லை!

பெரும்பாலோர் சறுக்கும் இடம் அடுத்தது. நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள் நெருக்கமாக வரும். 35 முதல் 50 வரை கோடு வெறிச்சென்று கிடக்கும். "ஒன்றுமே செய்யவில்லை" என்ற சோர்வு அங்கேதான் பிறக்கிறது. அந்த ஆண்டுகளை நினைவிடம் கேட்காதீர்கள், காகிதத்திடம் கேளுங்கள். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கையில் சந்தா நின்ற மாதம் வேலை இல்லாத மாதமாக இருக்கலாம், சந்தா கூடிய மாதம் சம்பளம் உயர்ந்ததாக இருக்கலாம். வீட்டுக் கடன் பத்திரம், பழைய கடப்பிதழ், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் சாட்சி சொல்லும். தோட்டத்தை விட்டு வரும்போது காகிதங்களைத் தொலைத்தவர்கள், உடன்பிறந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். துக்கமான இடத்தில் ஒரு புள்ளி போதும். அதை இரவில் தனியாகத் தோண்ட வேண்டாம்.

ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பக்கத்திலும் இரண்டு எண்: எத்தனை நாளில் முடியும் என்று நினைத்தோம், எத்தனை நாள் ஆனது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை 33.9 நாளில் முடிப்போம் என்று மாணவர்கள் சராசரியாகச் சொன்னார்கள். எல்லாமே கெட்டுப்போனாலும் 48.6 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள்! திட்டத்தை மட்டும் பார்த்தவர்கள், முன்பு செய்த வேலைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டப்போகிறவர்களே, முந்தைய மூன்று வேலைகளின் இரண்டாம் எண்ணைப் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் பேசுங்கள்.

இனி வலப்பக்கம். "நிம்மதியாக இருக்கணும்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஐந்தாண்டு கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், காலையில் யாரோடு தேநீர், கையில் என்ன வேலை, மாதம் எத்தனை ரிங்கிட் வரும்படி. பிறகு ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில் ஒரு வேர், அதாவது முன்பு அதைப்போல ஏதாவது செய்த அனுபவம், தேடுங்கள். வேர் இல்லாதது நடக்காதது அல்ல. அதற்கு இந்த மாதமே ஒரு சிறு ஒத்திகை வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும். 2013இல் வந்த ஆய்வில் 18 முதல் 68 வயது வரை 19,000 பேருக்கு மேல் கேட்டார்கள். இதுவரை நிறைய மாறிவிட்டோம், இனி அவ்வளவு மாற மாட்டோம் என்றே எல்லா வயதினரும் நினைத்தார்கள். ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே மாறுகிறோம். ஆகவே இடப்பக்கத்துக்குப் பேனா, வலப்பக்கத்துக்குப் பிள்ளைகள் தேர்வுக்கு எடுத்துப்போகும் 2பி பென்சில். தாள் வாசல் மேசையில் இருக்கிறது, ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.