மடிந்த கைக்கு மருதாணி ஒட்டாது

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு எழுத்துகள் சொல்கிறேன். ஜி, ஜி, ஏ, சி. அப்புறம் யு, யு, சி, ஜி. கடைசியாக ஜி, யு, சி, சி.

எழுதியாயிற்றா? இப்போது இரண்டே விதி. ஜியும் சியும் ஜோடி, ஏயும் யுவும் ஜோடி. முதல் எழுத்தைக் கடைசி எழுத்தோடு சேர்த்துப் பாருங்கள்: ஜி, சி. இரண்டாவதைக் கடைசிக்கு முந்தையதோடு சேருங்கள்: மறுபடியும் ஜி, சி. மூன்றாவது ஏ, அதற்கு எதிரே யு. நான்காவது சி, எதிரே ஜி. நடுவில் மிஞ்சிய நாலு எழுத்தும் வளைந்து திரும்பி நிற்கும். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டே, அதில் ஒன்றை வரைந்துவிட்டீர்கள். எங்கள் துறையிலும் இதற்குக் கொண்டை ஊசி என்றுதான் பெயர்.

இந்த எழுத்துகள் செல்களுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற நீண்ட இழையின் அலகுகள். இப்படி மடிவதுதான் அதன் இயல்பு. டி.என்.ஏ. இரட்டை இழை, ஒன்றுக்கொன்று துணையாக அமைதியாக இருக்கும். ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. ஜோடி தேடித் தன்மேலேயே மடியும். அந்த மடிப்புதான் அதற்கு வேலை கொடுக்கிறது. சில ஆர்.என்.ஏ.க்கள் மடிந்த நிலையில், என்சைம் என்ற வினையூக்கிப் புரதங்களைப் போலவே வேதிவினை செய்யும் என்று காட்டியதற்காக தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வடிவங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், பெரும்பாலும் செல்லை உடைத்து, ஆர்.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரித்து, படிகமாக்கி, எக்ஸ் கதிர் செலுத்தித்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் அப்படிப்பட்ட வேலைக்குத்தான். புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.தான். அதன் ஒவ்வொரு மடிப்பும் அந்தப் படங்களில் துலக்கமாகத் தெரிந்தது.

ஆனால் செல்லுக்குள் படிகம் கிடையாது. அங்கே இண்டு இடுக்கெல்லாம் புரதங்கள். தூது ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு, டி.என்.ஏ.விலிருந்து செய்தியை எடுத்துக்கொண்டு போவது. அதன்மேல் ரைபோசோம் வரிசையாக ஏறி நடந்துகொண்டே இருக்கும். மடிப்பைப் பிரித்துவிடுவதையே தொழிலாகக் கொண்ட ஹெலிகேஸ் என்ற புரதங்கள் ஒருபுறம். இத்தனை நெரிசலில் அந்த இழைக்கு என்ன வடிவம் இருக்கும்? செல் உயிரோடு இருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான் எடுத்துக்கொண்டது ரொட்டிக் கடையில் மாவு பொங்கப் போடுகிறார்களே, அதே ஈஸ்ட்.

எப்படிப் பார்ப்பது? கைகூப்பி நிற்பவரின் உள்ளங்கையில் மருதாணி வைக்க முடியாது. கையை விரித்திருப்பவருக்கு வைக்கலாம். டைமெத்தில் சல்பேட் என்று ஒரு திரவம் இருக்கிறது. அது செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே போய், ஏ, சி என்ற இரண்டு எழுத்துகளில், ஜோடி சேரப் பயன்படும் அதே முகத்தில் ஒரு சின்னக் குறியை ஒட்டிவிடும். ஜோடி சேர்ந்திருக்கும் எழுத்தில் ஒட்டாது. பிறகு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும் ஒரு என்சைமிடம் கொடுப்போம். குறி ஒட்டிய இடத்துக்கு வந்ததும் அது தடுமாறித் தப்பான எழுத்தைப் போட்டுவிடும். எங்கெல்லாம் தப்பு விழுகிறதோ அங்கெல்லாம் கை விரிந்திருந்தது என்று அர்த்தம்.

அந்தத் திரவம் கொடிய விஷம். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். புகைபோக்கி வைத்த பெட்டிக்குள், கைக்கு இரண்டு உறை போட்டுக்கொண்டுதான் தொடுவோம். குடுவையில் 30 டிகிரியில் வளர்ந்துகொண்டிருக்கும் ஈஸ்டில் அதை ஊற்றிச் சில நிமிடங்கள் குலுக்குவோம். நேரம் முடிந்ததும் வினையை நிறுத்த மெர்கேப்டோ எத்தனால் சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம். அன்றைக்கு யார் சோதனை செய்கிறார்கள் என்பது வராந்தா வரைக்கும் தெரிந்துவிடும்.

முதல் ஆண்டில் பல மாதங்கள் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பிரித்த ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துக் காட்ட ஜெல் என்ற கூழ்ப்பலகையில் ஓடவிடுவோம். அது நல்ல நிலையில் இருந்தால் இரண்டு பளிச்சென்ற கோடுகள் தெரியும். எனக்கோ கோலமாவு சிந்தினாற்போல் கீழே வரை இழுவிக் கிடக்கும். ஆர்.என்.ஏ.வை வெட்டும் என்சைம் நம் விரல் நுனியிலும் வியர்வையிலும் உண்டு. கொதிக்க வைத்தாலும் லேசில் சாகாது. உறை, குழாய், மேசை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் குற்றவாளி நான் தினமும் திறந்து மூடிய தண்ணீர் பாட்டில். அதை மாற்றிய அன்று சாயங்காலம் ஜெல்லில் அந்த இரண்டு கோடுகளும் வந்தன. விளக்கை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டைமெத்தில் சல்பேட்டால் குறி வைக்கும் முறையை ஒரு செல்லின் எல்லா ஆர்.என்.ஏ.க்களுக்கும் ஒரே நேரத்தில் பயன்படுத்தியவர்கள் சில்வி ரூஸ்கின், ஜொனாதன் வைஸ்மன் முதலியோர். 2014-இல் அந்தக் கட்டுரை வெளியானது. அதே காலத்தில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொரு குழு அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதைச் செய்தது. ரூஸ்கின் குழு முக்கியமாகப் பார்த்ததும் ஈஸ்டைத்தான். சோதனைக்குழாயில் நன்றாக மடிந்து நிற்கும் தூது ஆர்.என்.ஏ.க்கள், உயிருள்ள செல்லுக்குள் பெரும்பாலும் பிரிந்தே கிடந்தன. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைத் தீர்த்துவிட்டுப் பார்த்தபோது மறுபடி மடியத் தொடங்கின. அப்படியானால் செல் சம்பாதித்த சக்தியைச் செலவழித்து இந்த இழைகளை விரித்து வைத்திருக்கிறது. என் கணினித் திரையில் சோதனைக்குழாய், உயிருள்ள செல் என்ற இரண்டின் வரைபடத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. இரண்டிலும் படிகப் படத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. நம் சோதனை சரி என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் தூது ஆர்.என்.ஏ. மேலே ஒரு மாதிரி, கீழே வேறு மாதிரி. உயிர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பேருந்தில் பாதிப்பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிப்பேர் நிற்கிறார்கள். சராசரி எடுத்தால் எல்லாரும் அரைகுறையாகக் குனிந்திருப்பதாகத்தான் கணக்கு வரும். அப்படி ஒருவர்கூட அங்கே இல்லை. லட்சக்கணக்கான ஆர்.என்.ஏ. இழைகளின் தகவலை ஒன்றாகக் கொட்டிப் பார்க்கும்போது நமக்கும் இதே கதிதான். அதனால் ஒவ்வொரு இழையிலும் எந்தெந்தக் குறிகள் சேர்ந்து வருகின்றன என்று தனித்தனியாகப் பார்த்து, உட்கார்ந்தவர் வேறு, நின்றவர் வேறு என்று பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2020-இல் எச்.ஐ.வி. கிருமியின் ஆர்.என்.ஏ.வில் அப்படிப் பார்த்தபோது, எழுத்து வரிசை ஒன்றே, மடிப்பு மட்டும் வெவ்வேறு என்று தெரிந்தது. அந்த இழை எங்கே வெட்டி ஒட்டப்படும் என்பதில் மடிப்புக்குப் பங்கு உண்டு.

இப்படி வடிவம் மாற்றியே வேலை செய்யும் ஆர்.என்.ஏ.க்கள் நிறைய. உணவில் பரவும் லிஸ்டீரியா பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு தூது ஆர்.என்.ஏ. குளிரில் மடிந்து பூட்டிக்கொண்டிருக்கும். மனித உடலின் 37 டிகிரிச் சூட்டுக்கு வந்ததும் பூட்டுத் திறக்கும். நோய் உண்டாக்கும் புரதங்களைத் தயாரிக்கும் உத்தரவு அப்போதுதான் போகிறது. மருந்துக்கும் இது வழி காட்டியிருக்கிறது. தசைகள் தளர்ந்துபோகும் எஸ்.எம்.ஏ. என்ற பரம்பரை நோய்க்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிஸ்டிப்ளாம், வாய்வழியே கொடுக்கும் மருந்து. அது போய் ஒட்டுவது ஆர்.என்.ஏ.வின் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான். புரதத்தைக் குறிவைத்தே மருந்து தேடிக்கொண்டிருந்த துறைக்கு இது ஒரு புதிய கதவு.

சரி, நீங்கள் காகிதத்தில் வரைந்த கொண்டை ஊசிக்கு வருகிறேன். அப்படி ஒரு சின்ன மடிப்புச் சேர மைக்ரோ விநாடிகள் (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) போதும். நான் வைக்கும் மருதாணிக்கோ சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் ஒரே இழை எத்தனை முறை மடிந்து பிரிந்தது என்பது என் கணக்கில் வராது. ஒரு விநாடியில் வினையை முடித்துவிடும் பென்சாயில் சயனைடு என்ற பொருளைச் சோதனைக்குழாயில் பயன்படுத்தியிருக்கிறார்கள். உயிருள்ள செல்லுக்குள், செல்லைக் கெடுக்காமல், அதே வேகத்தில் குறி வைக்க வேண்டும். இப்போது நான் முயன்றுகொண்டிருப்பது அதைத்தான். நாளைக் காலை எட்டு மணிக்குக் குடுவையில் புது ஈஸ்ட் தயாராக இருக்கும். வணக்கம்.