கல் போன ஊருக்கு மொழி வந்த கதை

நேயர்களுக்கு வணக்கம். வேல்ஸ் நாட்டின் வடமேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் லீன் தீபகற்பத்தில் ஒரு சின்னஞ்சிறு ஊர். பெயர் நான்ட் குர்த்தெய்ர்ன். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மேலே இருக்கும் லித்வைன் என்ற ஊரிலிருந்து செங்குத்தான வளைவுப் பாதையில் இறங்க வேண்டும். நான் நடந்தே இறங்கினேன். பாதி வழியிலேயே முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது.

லித்வைன் என்று நான் சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் திருத்துவார்கள். முதல் எழுத்துக்கு நாக்கை 'ல'வுக்கு வைப்பதுபோல் வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊத வேண்டும். நம் 'ழ' அயலாரைப் படுத்தும் பாட்டை அந்த ஒலி நம்மைப் படுத்துகிறது.

முன்பு இங்கே சில பண்ணைகள் மட்டுமே இருந்தன. 1861ல் கருங்கல் குவாரி வந்தது. அப்போது இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் குதிரை வண்டிகளுக்காகத் தெருவெல்லாம் கல் பாவிக்கொண்டிருந்தன. ஒரே அளவில், கையால், சுத்தியலால் கொத்திய கல். ஓரம் சற்றுப் பிசகினாலும் தெருவில் சரியாக உட்காராது. அப்படிக் கொத்திய கற்களைக் கப்பலில் ஏற்றி லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் அனுப்பினார்கள். மான்செஸ்டரை நினைவில் வைத்திருங்கள், பிறகு வருவோம்.

1878ல் தொழிலாளர் குடும்பங்களுக்காக 26 வீடுகள் எழுந்தன. இரண்டு வரிசை. ஒன்றுக்குப் பெயர் ட்ரெம் அ மோர், கடல் பார்த்த வீடுகள். மற்றதற்கு ட்ரெம் அ மனித், மலை பார்த்த வீடுகள். கூடவே சைலோ என்ற சிறு தேவாலயம். கொத்துவதும் கும்பிடுவதும் பிள்ளைகளை அதட்டுவதும் எல்லாம் வெல்ஷ் மொழியில்தான்.

பிறகு ரப்பர் டயர் வந்தது, தார்ச் சாலை வந்தது. கல்லுக்குக் கிராக்கி குறைந்தது. இரண்டாம் உலகப்போரின்போது குவாரி மூடப்பட்டது. பிழைப்புப் போன ஊரில் யார் இருப்பார்கள்? ஒவ்வொரு குடும்பமாக மேட்டேறிப் போய்விட்டது. 1959ல் கடைசிக் குடும்பமும் கிளம்பியது. கூரை சரிந்தது. 70களில் சில காலம் தங்கிய வெளியூர் இளைஞர்கள் குளிருக்குக் கதவையும் தரைப்பலகையையும் விறகாக்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரான லனேல்ஹைர்னுக்கு டாக்டர் கார்ல் க்ளோஸ் குடிவந்தார். அவர் வளர்ந்தது மான்செஸ்டரில்! வெல்ஷ் மொழியைப் பெரியவரான பிறகு கற்றுக்கொண்டவர். அவர் கண்ணில் இரண்டு குறைகள் பட்டன. வட்டாரத்து இளைஞர்களுக்கு வேலை இல்லை. வெல்ஷ் கற்க ஆசைப்படும் பெரியவர்களுக்கோ தங்கிப் படிக்க ஓர் இடம் இல்லை. இரண்டுக்கும் மருந்து அந்தப் பாழடைந்த ஊரில் இருப்பதாக அவருக்குப் பட்டது. அறக்கட்டளை அமைத்து, ஊரார் பணம் திரட்டி, 1978ல் 25,000 பவுண்டுக்கு அந்த ஊரையே வாங்கினார்கள். 1982ல் முதல் வெல்ஷ் வகுப்பு நடந்தது. க்ளோஸ் 2021ல் காலமானார். எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை. மான்செஸ்டர் தெருவுக்குக் கல் கொடுத்த ஊருக்கு, மான்செஸ்டரில் வளர்ந்த ஒருவர் உயிர் கொடுத்திருக்கிறார்.

இங்கே வழங்கும் பழங்கதை ஒன்று. ரீஸ், மைனிர் என்று இரு காதலர்கள். கல்யாண நாளன்று வழக்கப்படி மணப்பெண் ஒளிந்துகொண்டாள். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பல காலம் கழித்து இடி விழுந்து ஒரு ஓக் மரம் பிளந்தபோது, அதன் பொந்தில் மணக்கோலத்தில் எலும்புக்கூடு. இந்த ஊர்க் காதலர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்று சாபமாம். இன்றைக்கோ கல்யாணம் செய்துகொள்ளவே இங்கே வருகிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வருகிறவர்கள் சில நாள் தங்கிப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு வரிசை வீடுகளிலும் இப்போது விருந்தாளிகள்தான். பிள்ளைகள் சண்டைபோட்டுக் கத்தும் மொழி மேலே, லித்வைன் போன்ற ஊர்களில் இருக்கிறது. அங்கேயோ வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடு வாங்கி விலையை ஏற்றிவிட, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாமல் போகிறது. அதனால்தான் இந்த வட்டாரத்துக்கான குவினெட் மாவட்ட மன்றம் 2023 முதல் இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான வீட்டு வரிக்கு மேல் 150 விழுக்காடு கூடுதல் வரி போட்டது. அது நியாயம் என்பதே என் கட்சி.

அங்குள்ள காபிக் கடையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் பாடக் குறிப்பு. 'பனெட் ஓ தே' என்றார், ஒரு கோப்பை தேநீர். அதோடு நின்றுவிட்டது. 'தயவுசெய்து' என்பதற்கு வெல்ஷில் நாலு சொல் வேண்டும். கல்லாவில் இருந்த பெண் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. எங்கள் பின்னால் வரிசை நீண்டது. அந்த நாலு சொல்லும் வரும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.